பந்தியில் சொல்லக் கூடாத சொல்

கல்யாணப் பந்தியில் 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுத்தவனை அழகுமலை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவரிடம் பரிமாறும் வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் பாடமே இதுதான். சாம்பார் தீர்ந்து போகலாம், சோறு வேகாமல் கிடக்கலாம், அப்பளம் நமத்துப் போகலாம். ஆனால் இலைக்கு முன்னால் வாளியோடு நிற்கிறவன் 'இல்லை', 'தீர்ந்துவிட்டது', 'காலி' என்று மூச்சு விடக் கூடாது. அப்படிச் சொல்லிவிட்டால் பெண்ணைப் பெற்றவன் மானம் அந்த நிமிஷமே போயிற்று.

பிறகு எப்படித்தான் சமையல்கட்டுக்குத் தகவல் சொல்வது? அதற்கு அழகுமலை குழுவினருக்குத் தனி பாஷை இருந்தது. அண்டாவில் அடி தெரிய ஆரம்பித்தால் "கரை தெரியுது". சுத்தமாகத் தீர்ந்தால் "கரை ஏறியாச்சு". குழம்பில் வெந்நீர் ஊற்றி நீட்ட வேண்டுமென்றால் "குளிப்பாட்டு". பின்னால் அடுத்த அண்டா இறங்குகிறவரை மெதுவாகப் பரிமாற வேண்டுமென்றால் "யானை நடை". முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த பந்தியிலும் வந்து உட்காருகிறவர் "ரெண்டாம் ஆட்டம்". எதைப் போட்டாலும் குறை சொல்கிறவர் "சித்தப்பா". அது அத்தையாகவே இருந்தாலும் இவர்களுக்குச் சித்தப்பாதான்.

'புறா' என்று ஒரு சொல்லும் இருந்தது. அழைப்பில்லாமல், பசிக்காக மட்டும் வந்து உட்காருகிறவரை அப்படிச் சொல்வார்கள். "மூணாவது வரிசையில புறா" என்று ஒருவர் சொன்னால், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று அந்த ஆளைக் கேட்கக் கூடாது, ஒரு வடை கூடுதலாக வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படி மொத்தம் நாற்பத்தொரு சொற்கள். மதுரை தெப்பக்குளம் பக்கத்து மண்டபங்களில் இருபத்தேழு வருஷமாக இந்தச் சொற்கள் வாளிக்கும் அண்டாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தன. சாப்பிடுகிறவர்கள் காதில் விழும், ஆனால் புரியாது. ஏதோ வேலைக்காரப் பேச்சு என்று வடையைக் கடிப்பார்கள்.

அந்த வருஷம்தான் 'காதோரம்' எல்லோர் காதிலும் ஏறியது.

பட்டாணி அளவில் ஒரு கருவி அது. யார் எந்தத் தொழில் பாஷையில் பேசினாலும் அதற்கு என்ன பொருள் என்று காதுக்குள் கிசுகிசுக்கும். சும்மா சொல்லக் கூடாது, வந்த புதிதில் அது செய்ததெல்லாம் நல்ல காரியம்தான். வக்கீல்களும் வண்டி மெக்கானிக்குகளும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளும் வாடிக்கையாளர் முன்னால் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வது அடியோடு நின்றுபோனது. அழகுமலைக்கே நேரடி அனுபவம் உண்டு. அவர் மனைவி ராமலட்சுமிக்கு முழங்கால் ஆபரேஷன் என்று ஓர் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு டாக்டர்கள் இங்கிலீஷும் இல்லாத தமிழும் இல்லாத ஒரு பாஷையில் ஏதோ பேசினார்கள். 'அறுவை அவசியமில்லை, படுக்கைகள் காலியாக இருப்பதால் சேர்த்திருக்கிறோம்' என்றது காதோரம். கணவனும் மனைவியும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். ராமலட்சுமி இன்றைக்கும் அதே முழங்காலோடு அழகர்கோவில் மலை ஏறி இறங்குகிறார்.

அதனால் சித்திரை மாதத்தில் காதோரம் கம்பெனியிலிருந்து ஷெரின் என்ற பெண் மண்டபத்துக்கு வந்தபோது, அழகுமலை அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பியும் வரவழைத்தார்.

"உங்க ஆளுங்க பேசுறது எங்க மிஷினுக்குப் புரியலண்ணே," என்றாள் ஷெரின். "ஆறு மாசமா மதுரை மண்டபங்கள்ல மட்டும் முழிக்குது."

"டாக்டர் பேசுறதையே புரிஞ்சுக்குதேம்மா. எங்க பேச்சு என்ன அப்படி ராக்கெட்டா?"

"டாக்டருங்க பேச்சு புஸ்தகத்துல இருக்கு. லட்சம் பேர் பேசுறாங்க. ஒரு சொல்லை நாலு ஊர்ல கேட்டு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சுன்னு பாத்து மிஷின் தானா அர்த்தம் கண்டுபிடிச்சிரும். உங்க பேச்சு எங்கயும் எழுதலை. உங்க இருபது பேரைத் தவிர யாரும் பேசுறதும் இல்ல. தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாத்தான் உண்டு. பள்ளிக்கூடத்துல குழூஉக்குறின்னு படிச்சிருப்பீங்களே."

"இலக்கணம் நடத்துன அன்னைக்கெல்லாம் நான் லீவும்மா."

ஷெரின் சிரித்தாள். பிறகு, அவள் பாட்டுக்குச் சொன்ன ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. "சொல் கொடுத்தவரு பேரையும் சேர்த்துத்தான் மிஷின் சொல்லும். வழங்கியவர் அழகுமலை, மதுரைன்னு. எந்த ஊர்ல இருந்து கேட்டாலும் உங்க பேரு கேக்கும்ணே."

அழகுமலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. சாப்பாடு நன்றாக இருந்தால் சமையல்காரரைத் தேடிப் போய்ப் பாராட்டுவார்கள். பரிமாறுகிறவன் பெயரை யார் கேட்கிறார்கள்? இருபத்தேழு வருஷக் கல்யாண வீடியோக்களில் அவருடைய கையும் வாளியும் மட்டும்தான் இருக்கும். முகம் வரவேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் மாமா சிரித்துக்கொண்டிருப்பார்.

உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் சொன்னார். எப்போது சொல்வது, யாரைப் பார்த்துச் சொல்வது என்று நடித்தும் காட்டினார்.

"குழுவுல மத்தவங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாமாண்ணே?" என்றாள் ஷெரின்.

"நான் சொன்னா அவய்ங்க சொன்ன மாதிரிதான். நீ எழுது."

பந்தியில் உட்காருகிறவர்களும் காதோரம் வைத்திருப்பார்களே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் இலை போட்டுவிட்டால் மனுஷனுக்கு வாய்தான் வேலை செய்யும், காது எங்கே வேலை செய்யப் போகிறது என்று நினைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் செய்யக்கூடிய தப்புதான் அது.

கம்பெனி அந்தச் சொற்களைச் சரிபார்த்து மிஷினில் ஏற்ற நாலு மாசம் பிடித்தது. அவை ஏறிய வாரமே, ஆவணியில், சேதுபாண்டி வீட்டுக் கல்யாணம் வந்தது. சேதுபாண்டி மாநகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டும் பெண் பிள்ளைகள். சின்னவள் மதிவதனிக்கு இப்போது கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஊர் கம்பம். ஒரு வாரம் முன்னால் அவர் அழகுமலையைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார்.

"மூத்தவ கல்யாணத்துல சாம்பார் தீந்துபோச்சு அழகுமலை. அப்ப வேற ஆளு. பரிமாறுன பய பந்தி நடுவுல நின்னு, சாம்பார் இல்லைன்னு கத்திட்டான். ஒன்பது வருஷமாச்சு. இன்னைக்கும் அவ மாமியா வீட்ல, ஒங்கப்பன் பந்தி மாதிரி பாதியில கையை விரிச்சிறாதன்னு சொல்லிக் காட்டுறாய்ங்க. எம் புள்ளை அதைக் கேட்டுக்கிட்டு அங்க குடும்பம் நடத்துது. சின்னவளுக்கும் அந்தப் பேச்சு வந்துரக் கூடாதுப்பா. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"வராதுண்ணே. என் பொறுப்பு. நீங்க தைரியமாப் போங்க."

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு முடிந்தது. பதினொன்றரைக்கு முதல் பந்தி. பெண் வீட்டு ஆட்கள். இலையில் உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, வடை, ஜாங்கிரி எல்லாம் விழுந்து, சோறு வரிசை போய்க்கொண்டிருந்தது. சோறு கொஞ்சம் முன்னால் போய்விட்டது, சாம்பார் இன்னும் அண்டாவிலிருந்து வாளிக்கு வரவில்லை. வழக்கம்போல அழகுமலை குரல் கொடுத்தார்.

"சகாயம், யானை நடை."

அவர் காதிலேயே ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. 'பின்னால் உணவு தயாராகும்வரை மெதுவாகப் பரிமாறு. வழங்கியவர்: அழகுமலை, மதுரை.'

ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், மனசு துள்ளியது. மறு கணம் எதிர் வரிசையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் சத்தமாகச் சிரித்தார். "ஏன்யா, நாங்க பசியில உக்காந்திருக்கோம். நீங்க யானை மாதிரி நடந்து வாறீங்களா?" பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அழகுமலையும் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடிக்காரர் கூட்டில் உப்புக் கம்மி என்று வேறு சொல்ல, இந்தப் பக்கமிருந்து ஒரு பரிமாறும் ஆள் பழக்கதோஷத்தில் "சித்தப்பா" என்று முணுமுணுக்க, அதற்கும் அந்தக் குரல் பொருள் சொல்லித் தொலைத்தது. அந்த மனிதருக்குச் சிரிப்பு போய் முகம் சிவந்துவிட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மூன்றாவது வரிசை ஓரத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். துவைத்துத் துவைத்து நிறம் போன சட்டை. முழுக்கை, பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். யாரோடும் பேசவில்லை. சகாயம் பதினாலு வருஷமாக அழகுமலையிடம் இருக்கிறவன், கண் தவறாது. குனிந்து மெதுவாகத்தான் சொன்னான்.

"அண்ணே, மூணுல புறா. வடை எடுத்துட்டு வாங்க."

மெதுவாகச் சொன்னால் மனுஷக் காதுக்குத்தான் கேட்காது. 'அழைப்பில்லாமல் பசிக்காக வந்தவர். வழங்கியவர்: அழகுமலை, மதுரை.' இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் திரும்பி அந்த மனிதரைப் பார்த்தார்கள். அவர் காதிலும் காதோரம் இருந்தது. வாய்க்குப் போன கவளத்தை இலையில் திரும்ப வைத்தார். இலையை மடித்தார். எழுந்து, அவசரமில்லாமல், கை கழுவும் இடத்தில் நன்றாகக் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

அழகுமலை வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை ஓடினார். ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை, தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவர் என்று எல்லாப் பக்கமும் பார்த்தார். ஆளைக் காணோம். தன் பந்தியிலிருந்து ஒருவர் அரை வயிற்றோடு எழுந்து போனது அதுதான் முதல் தடவை. அதுவும் தன் பெயரைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

சமையல்கட்டுக்குத் திரும்பினால் அங்கே பாக்கியம் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். சமையல் பொறுப்பு முழுக்க பாக்கியத்துடையது. அறுநூறு பேருக்கு உப்பு பார்க்காமலேயே உப்புப் போடுகிற கை. கோபமும் அப்படித்தான், அளந்து போடுகிற பழக்கமில்லை.

"நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களாக்கும்?"

அழகுமலை தலையை மட்டும் ஆட்டினார்.

"அது என்ன ஒங்க பட்டா நிலமா, நீங்க எழுதிக் கொடுக்கிறதுக்கு? குளிப்பாட்டு, நான் வச்ச பேரு. நாலு பேரு சிரிச்சு, அப்படியே நிலைச்சுப் போன சொல்லு. புறா, சகாயம் வச்சது. அவன் சின்ன வயசுல மண்டபம் மண்டபமாப் போயிச் சாப்பிட்டவன், அதனால வச்சான். எல்லாத்துக்கும் வழங்கியவர் அழகுமலை. கேக்கவே நல்லா இருக்கு."

சகாயம் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியம் திட்டியதைவிட அதுதான் அழகுமலைக்குத் தாங்க முடியவில்லை. ஃபோனை எடுத்து ஷெரினைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துரும்மா. இப்பவே."

"எடுக்கலாம்ணே. எழுதிக் கொடுத்தீங்கன்னா பதினஞ்சு நாள்ல எடுத்துருவாங்க."

"பதினஞ்சு நாளா? இங்க பந்தி நடக்குதும்மா."

விஷயத்தைக் கேட்டதும் ஷெரின் குரல் இறங்கிவிட்டது. "நான் இதை யோசிக்கவே இல்லண்ணே. எங்க ஆபீஸ்ல யாரும் பந்தி பரிமாறுனதில்ல."

"சரி, புதுசா வேற சொல்லு வச்சுக்கிட்டா?"

"முன்னாடின்னா முடிஞ்சிருக்கும். இப்ப உங்க பேச்சு மொத்தமும் அதுக்குத் தெரியும். எந்த நேரத்துல எதைச் சொல்வீங்கன்னு பழகிருச்சு. ஒரு சொல்லை மாத்துனீங்கன்னா ரெண்டாவது தடவை கண்டுபிடிச்சிரும்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"பேசாம இருங்கண்ணே. பேசலைன்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டாம் பந்தி அப்படித்தான் நடந்தது. பரிமாறும் இருபது பேரும் பரீட்சை ஹாலில் நிற்பதுபோல வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். சாம்பாருக்கு மூக்கைத் தொடுவது, ரசத்துக்குக் காதைத் தொடுவது, பாயசத்துக்கு நெற்றியைத் தொடுவது என்று ஏற்பாடு. ஒருவனுக்கு மூக்கு அரித்தது, சொறிந்துவிட்டான். மூன்று பேர் சாம்பார் வாளியோடு பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வரிசைக்கு ஓடினார்கள். ஒரு ஆசிரியையின் பாயசத்தில் முருங்கைக்காய் மிதந்தது. எப்படியோ அந்தப் பந்தி ஒப்பேறிவிட்டது. அழகுமலை மூச்சு விட்டார்.

விட்ட மூச்சு உள்ளே திரும்புவதற்குள் வாசலில் பஸ் ஹாரன் கேட்டது. கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மூன்று பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. மூன்று பஸ் காலையிலேயே வந்துவிட்டது. இப்போது இன்னும் இரண்டு வந்து நின்றன. நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொண்டிருந்த பங்காளிகள் எல்லாம் கடைசி நேரத்தில் மனசு மாறிப் புறப்பட்டுவிட்டார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் சாம்பார் அண்டாவுக்கு அது தெரியாதே.

பாக்கியம் அண்டாவுக்குள் கரண்டியை விட்டுப் பார்த்தார். அழகுமலையைப் பார்த்தார். கோபமெல்லாம் அப்போது எங்கோ போய்விட்டது.

"பாதிப் பந்திக்குத்தான் வரும். நான் இப்பப் பருப்பை ஏத்துனாலும் முப்பத்தஞ்சு நிமிஷம் வேணும்."

"இருக்கிறதைக் குளிப்பாட்டினா?"

"ஏற்கெனவே குளிச்சாச்சு. இன்னும் குளிச்சா ஜன்னிதான் வரும்."

பந்தியைத் தள்ளிப்போடலாம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் முதல் இலை மாப்பிள்ளையின் பெரியப்பா ராசாங்கத்துக்கு. கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். நிச்சயதார்த்தத்தில் கேசரியில் முந்திரி கம்மி என்று சொல்லி, அதை இரண்டு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தவர். மூத்தவள் வீட்டில் ஒன்பது வருஷம் ஓடிய பேச்சு இவர் வாயில் விழுந்தால் பேரன் பேத்தி காலம்வரை ஓடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"வாயைத் திறக்காதீங்க, மெதுவாப் போங்க. குழம்பு தீந்தா நடந்து வந்து எங்கிட்டச் சொல்லுங்க" என்று அழகுமலை சமையல்கட்டில் வைத்துக் கைகாட்டியும் எழுதியும் எல்லோருக்கும் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பந்தி ஆரம்பித்தது. சோறு போனது. சாம்பார் நான்கு வரிசைக்குப் போனது. சேதுபாண்டி ஹாலின் மறுகோடியில் கூப்பிய கையோடு இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். "எல்லாம் வருதா? கூச்சப்படாமக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க." ராசாங்கம் ஒரு சுற்று சாம்பார் சாதம் முடித்துவிட்டு, இரண்டாம் தடவை சோறு வாங்கி, நடுவில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தார். சகாயம் வாளியைச் சாய்த்தான். கரண்டி தகரத்தில் உரசிய சத்தம் மட்டும் வந்தது.

அவன் செய்தது வேண்டுமென்று செய்ததல்ல. காலையிலிருந்து மனசு சரியில்லை. வாளி காலியாக இருப்பதைப் பார்த்ததும் பதினாலு வருஷப் பழக்கம் அவனைக் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டது. சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, நன்றாக, கணீரென்று சொன்னான்.

"கரை ஏறியாச்சு."

'சாம்பார் முற்றிலும் தீர்ந்துவிட்டது. விருந்தினருக்குத் தெரியாமல் சொல்லப்படும் சொல். வழங்கியவர்: அழகுமலை, மதுரை.'

முந்நூறு பேர் மெல்லுவதை ஒரே நேரத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று அழகுமலைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. சகாயம் வாளியைப் பிடித்தபடியே வெளிறிப்போய் நின்றான். அழகுமலையின் கண் சேதுபாண்டியைத் தேடியது. அவர் இடது பக்கம் தெரிய நின்றுகொண்டு ஒரு பாட்டையாவிடம் வடை கேட்டு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காதில் ஒன்றுமில்லை. நல்ல வேளை, அவருக்குக் கேட்கவில்லை. இனி ராசாங்கம் வாய் திறந்து சொன்னால்தான் கேட்கும்.

ராசாங்கம் வாளியைப் பார்த்தார். சகாயத்தைப் பார்த்தார். தன் இலையில் குழி பறித்து வைத்த சோற்றைப் பார்த்தார். மீசை அசைந்தது. அதற்குள் சேதுபாண்டி கூப்பிய கையோடு அவர் இலைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

"சம்பந்தி, சோறு அப்படியே இருக்கு? சாம்பார் போடச் சொல்லவா?"

ஹால் முழுக்கக் காத்திருந்தது. ராசாங்கம் தலையை நிமிர்த்தி சேதுபாண்டியின் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார் என்று அழகுமலைக்குப் பட்டது.

"சாம்பாரா? ஐயய்ய, வேணாம் சம்பந்தி. காலையில போட்ட பொங்கலே இன்னும் இறங்கல. வயிறு நிறைஞ்சிருச்சு. மோர் மட்டும் ஊத்தச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அந்தக் குழியில் ஊறுகாயைப் போட்டுப் பிசைய ஆரம்பித்தார். பக்கத்து இலையில் அவர் மனைவி, தாமதமாக வந்து உட்கார்ந்தவர். இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. வெறும் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, "எனக்கும் வயிறு நிறைஞ்சிருச்சுண்ணே. ஆனாலும் இம்புட்டு ஐட்டம் போடக் கூடாது" என்றார். அதற்கடுத்த இலை, அதற்கடுத்த வரிசை என்று அந்தப் பேச்சு அப்படியே பரவியது. "வயிறு நிறைஞ்சிருச்சு", "நமக்கும்தான், மோர் ஊத்துப்பா", "வடையே வயித்தை அடைச்சிருச்சு". கடைசியாக வந்த பங்காளிகள் பொரியலைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட முயன்றார்கள். "எனக்கு சாம்பார்" என்று ஆரம்பித்த ஒரு சின்னப் பெண்ணின் வாயில் அவள் அம்மா முழு ஜாங்கிரியைத் திணித்தாள்.

மோருக்குப் பஞ்சமில்லை. இருபது பேரும் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்து நிமிஷத்தில் பந்தி எழுந்துவிட்டது. எல்லோரும் இலையைத் தங்கள் பக்கம் ஒழுங்காக மடித்துவிட்டுப் போனார்கள்.

கை கழுவுமிடத்தில் அழகுமலை துண்டோடு போய் நின்றார். ராசாங்கம் கையைத் துடைத்துக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி பேசினார்.

"ரெண்டு பஸ் கூடக் கொண்டாந்தது நாங்க. அதுக்கு அந்த மனுசன் என்ன செய்வாரு. சாம்பார் இறங்குனதும் ஒரு தூக்குவாளியில எனக்குத் தனியா எடுத்து வையி. பஸ்ல சாப்பிட்டுக்கிறேன்."

"ரெண்டு தூக்கு வைக்கிறேன்யா" என்றார் அழகுமலை.

நான்காம் பந்தி தொடங்குவதற்குள் பாக்கியத்தின் சாம்பார் கொதித்து இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் குறையுமில்லை. மூன்று மணிக்குக் கம்பத்து பஸ்கள் கிளம்பிப் போனபின் கடைசிப் பந்தியில் பரிமாறும் ஆட்களும் சமையல் ஆட்களும் உட்கார்ந்தார்கள். அழகுமலை சகாயத்தைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவனுக்குத் தானே வடை வைத்தார். "தப்பு என்னோடதுடா" என்றார். சகாயம் தலையசைத்துவிட்டுச் சாப்பிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த பாக்கியம், "பதினஞ்சு நாள்ல எடுத்துருவாங்களாமே? நாளைக்கே எழுதிக் கொடுங்க. நாங்களும் கையெழுத்துப் போடுறோம்" என்றார். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. ஆனால் பேசினாரே, அதுவே போதும் என்றிருந்தது அழகுமலைக்கு.

சேதுபாண்டியும் அப்போதுதான் சாப்பிட வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனிதர். அழகுமலைக்கு இடது பக்கம் காலியாக இருந்த இலையில் உட்கார்ந்தார். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுக அத்தனை பேரும் வயிறு நிறைஞ்சிருச்சுன்னு சொன்னாங்கப்பா."

"ஆமாண்ணே. நானும் கேட்டேன்" என்று அழகுமலை அவர் பக்கம் திரும்பினார். இப்போது சேதுபாண்டியின் வலது காது தெரிந்தது. காதுக்குள் பட்டாணி அளவில் காதோரம் இருந்தது.

அழகுமலையின் கை இலையிலேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் இந்த மனிதர் கூப்பிய கையோடு ராசாங்கத்தின் இலைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். சாம்பார் போடச் சொல்லவா என்று கேட்டிருக்கிறார். அது ராசாங்கத்துக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அவர் பார்த்த பார்வைக்கு வேறென்ன காரணம்? சேதுபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊறுகாய் கொஞ்சம் காரம் என்றார். "ஆமாண்ணே, காரம்தான்" என்றார் அழகுமலை.

அப்போது ஃபோன் அடித்தது. ஷெரின். அழகுமலை இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"பந்தி எப்படிப் போச்சுண்ணே? பயந்துக்கிட்டே இருந்தேன்."

"நல்லாப் போச்சும்மா."

"ஒரு விஷயம் கேக்கணும். மிஷின் உங்க மண்டபத்துல புதுசா ஒண்ணைப் புடிச்சிருக்கு. பத்து நிமிஷத்துக்குள்ள இருநூத்துச் சொச்சம் பேரு ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்காங்க. வயிறு நிறைஞ்சிருச்சுன்னு. ஆனா குரலைப் பாத்தா நல்ல பசியில இருக்கிறவங்க குரலா இருக்காம். அதனால சாதாரணப் பேச்சு இல்ல, இந்தக் கூட்டத்துக்குள்ள ஓடுற ரகசியச் சொல்லுன்னு பதிஞ்சு வச்சிருக்கு. அர்த்தம்தான் அதுக்குப் பிடிபடல, அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

பக்கத்தில் சேதுபாண்டி மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தார். சகாயம் அவருக்குச் சாம்பார் ஊற்றுவதற்காகத் தன் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்திருந்தான். அழகுமலை இருவரையும் பார்த்தார்.

"தெரியும்மா. எழுதிக்க. வயிறு நிறைஞ்சிருச்சுன்னா, வயிறு நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதான்."

"சரிண்ணே, அப்படியே எழுதிக்கிறேன்" என்றாள் ஷெரின்.